உப்பு வண்டி ஆதனின் குரல்

கடலோரத்தில் உப்பு விளைந்தது. மலைநாட்டில் நெல் விளைந்தது. உப்பு மேலே ஏறவும் நெல் கீழே இறங்கவும் நடுவே ஒரு நீண்ட பாதை இருந்தது. அந்தப் பாதைக்குப் பெயர் வைக்கக்கூட யாருக்கும் ஓய்வில்லாத ஒரு காலத்தில், ஆதன் என்றொரு உப்பு வணிகன் அதில் வண்டி ஓட்டினான். அவன் கதையைத்தான் இப்போது கேட்கப் போகிறீர்கள்.

ஆதன் நல்லவன். அவனோடு போன வண்டிக்காரர் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். "ஆதனா? கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன் ஆயிற்றே!" என்பார்கள்.

நாமும் அப்படிச் சொல்வதுண்டு. பக்கத்து வீட்டில் நல்ல மனிதர் ஒருவர் இருந்தால், "அவர் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்" என்கிறோம். நமக்கு அது ஒரு பாராட்டு. சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உப்பு வண்டிக்காரர்களுக்கு அது உயிர்.

ஏன் தெரியுமா? பாதை முழுவதும் மூங்கில் காடு. அடிக்கு ஒரு வளைவு. முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வரும் வண்டியும் தெரியாது. மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அச்சு முறிந்தாலும் சரி, மாடு படுத்துவிட்டாலும் சரி, வாய்விட்டுக் கூவித்தான் மற்றவரைக் கூப்பிட வேண்டும்.

அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் இருந்தது. கூட்டத்தின் தலைவர் கொற்றன் கூப்பிட்டால், கௌதாரி கத்துவது போல வெட்டி வெட்டி வரும். இளவட்டமான மருதன் கூப்பிட்டால், இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் கொட்டாவியில் முடியும். செள்ளை என்ற பெண்ணும் தனியாக ஒரு வண்டி ஓட்டினாள். அவள் கூப்பிட்டால் யாரையோ திட்டுவது போல இருக்கும். பெரும்பாலும் திட்டத்தான் செய்வாள்.

குரல் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூங்கில் காட்டில் கள்வர் இருந்தார்கள். ஆபத்தில் சிக்கிய ஆள் போலக் கூவுவார்கள். வண்டி நின்றதும் பாய்வார்கள். ஆகவே வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தெரிந்த குரல் என்றால், என்ன அவசரமானாலும் வண்டியை நிறுத்த வேண்டும். தெரியாத குரல் என்றால், எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும் மாட்டை விரட்ட வேண்டும்.

ஆதனுக்கு எல்லோர் குரலும் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதுதான் அவன் பாடு.

அந்த ஆண்டு, கிளம்பும்போதே ஆதன் களைத்திருந்தான். முழங்கால் வலித்தது. முதுகு வலித்தது. இன்ன இடம் என்று சொல்ல முடியாத ஓர் இடமும் வலித்தது.

உப்பு ஏற்றும்போது அவன் மனைவி சொன்னாள்: "இந்த ஒரு தடவையாவது நம் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு போய் வாருங்கள். மழைக்காலம் முழுவதும் இந்த உப்புக்கு வருகிற நெல்தான் நமக்குச் சோறு."

"சரி" என்றான் ஆதன். ஒவ்வோர் ஆண்டும் சொல்கிற சரிதான் அது.

வண்டிகள் மூங்கில் காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் முதல் குரல் வந்தது. இழுத்து, இழுத்து, கொட்டாவியில் முடிந்தது. மருதன்.

ஆதன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தான். மருதன் பாதை நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான்.

"அச்சு முறிந்துவிட்டது அண்ணே."

"மாற்று அச்சு எங்கே?"

ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். அது இல்லாமல் யாரும் மலைப்பாதைக்கு வர மாட்டார்கள்.

"வீட்டிலேயே வைத்துவிட்டேன் அண்ணே. அது ஒரு கனம். நீதான் கூட வருகிறாயே!"

மருதன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். ஆதன் திரும்பி நடந்தான். தன் வண்டிக்கு அடியில் குனிந்து, தன் மாற்று அச்சை அவிழ்த்து, சுமந்து வந்து பொருத்திக் கொடுத்தான். மருதன் வண்டி நகர்ந்தது. ஆதன் வண்டி ஓர் இடம் பின்னால் போனது.

உச்சி வெயிலில் இரண்டாவது குரல் வந்தது. கௌதாரி போல வெட்டி வெட்டி. தலைவர் கொற்றனின் காளை வெயில் தாங்காமல் படுத்துவிட்டது. ஆதன் தன் பானையிலிருந்த தண்ணீரை எல்லாம் அதன் தலையிலும் வாயிலும் ஊற்றி, கழுத்தைத் தடவி, மெல்லப் பேசி எழுப்பினான். காளை எழுந்தது. பானை காலியானது.

கொற்றன் அவன் தோளில் தட்டினார். "உன்னைப் போல ஒருவன் கூட வந்தால் போதும் ஆதா. எனக்குக் கவலையே இல்லை."

அவர் கவலை எல்லாம் எங்கே போயிற்று என்று அவர் யோசிக்கவில்லை. சுமந்தவனுக்குத் தெரியும். ஆதன் இன்னும் ஓர் இடம் பின்னால் போனான்.

வெயில் தாழ்ந்தபோது மூன்றாவது குரல் வந்தது. காடே அதிரும்படி ஒரு திட்டு. செள்ளைதான்.

செள்ளை ஒரு குரங்கு வளர்த்தாள். அது மூட்டை கட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மூங்கில் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. செள்ளை கீழே நின்று அதன் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆதன் தன் மடியை அவிழ்த்தான். அவனுடைய இரவுச் சாப்பாட்டுக்கான அவல் அதில் இருந்தது. கையில் கொட்டி நீட்டினான். "இறங்கு ராசா, இறங்கு." குரங்கு இறங்கியது. கயிற்றைக் கொடுத்தது. அவலைத் தின்றது, ஒன்றுவிடாமல்.

செள்ளை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆதண்ணே, நீ ஏன் யாரையும் கூப்பிடுவதே இல்லை?"

"எனக்கு என்ன குறை?"

"அச்சு போயிற்று. தண்ணீர் போயிற்று. இப்போது அவலும் போயிற்று. குறை என்று சொல்ல இன்னும் என்ன போக வேண்டும்?"

ஆதன் சிரித்தான். "எல்லோருக்கும் அவரவர் வேலை இருக்கிறதம்மா."

"எங்களுக்கு வேலை இருக்கிறது. உனக்கு இல்லை. அதனால்தான் ஓடி ஓடி வருகிறாய், அப்படித்தானே?" செள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல ஆள்! போ, போய் வண்டியை எடு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து மாட்டை முடுக்கினாள்.

ஆதன் தன் வண்டிக்குத் திரும்பி நடந்தான். உண்மையில் அவன் மனத்தில் வேறொன்று இருந்தது. மற்றவர்கள் கூப்பிடுகிறவர்கள், தான் வருகிறவன். அவனுக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். தானும் கூப்பிட்டால் அது போய்விடுமோ என்று பயந்தான். சுமை கனத்தது, ஆனால் இறக்கி வைக்க மனம் வரவில்லை. இப்போது அவன் வண்டிதான் எல்லாவற்றுக்கும் கடைசி.

மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு காட்டாறு குறுக்கிட்டது. பெரும்பாலும் வெறும் மணல்தான். நடுவில் பாதம் நனைகிற அளவுக்கு ஓர் ஓடை. மற்ற வண்டிகள் கடந்து போய்விட்டன. மலை உச்சியில் வானம் கறுத்திருந்தது. அதைப் பார்த்த ஆதன் அவசரமாக வண்டியை ஆற்றில் இறக்கினான்.

நடு ஆற்றில், மணலுக்கு அடியில் கிடந்த ஒரு பாறையில் சக்கரம் ஏறி இறங்கியது. அச்சு முறிந்தது.

தள்ளிப் பார்க்கலாம் என்று ஆதன் குதித்தான். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. மேலே இருந்த உப்பு மூட்டைகள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தன. வண்டியின் சட்டம் அவன் தொடைக்குமேல் விழுந்து, அவனை ஈர மணலில் உட்கார்ந்தபடி அழுத்திக்கொண்டது.

கை மட்டும் எட்டியது. எட்டிய கையால் அவன் முதலில் செய்தது, நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்து மாடுகளை விட்டதுதான். செவலைக் காளையும் மயிலைக் காளையும் கரையேறின. ஏறியவை போகவில்லை. அங்கேயே நின்று அவனைப் பார்த்தன.

மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கத் தொடங்கியது. ஓடை கலங்கியது. பிறகு அகன்றது. பிறகு ஏறியது.

தண்ணீர் தொட்ட மூட்டைகளிலிருந்து உப்பு வெள்ளை வெள்ளையாகக் கரைந்து போவதை ஆதன் பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்துச் சோறு போய்க்கொண்டிருந்தது. அப்போதும் அவன் என்ன நினைத்தான் தெரியுமா? உப்பு கரையக் கரைய வண்டி இலேசாகும், இலேசானால் காலை உருவிக்கொள்ளலாம், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தான்.

உப்பு கரைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தண்ணீர் அதைவிட வேகமாக ஏறியது. இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது.

ஆதன் வாயைத் திறந்தான்.

முதல் தடவை கூப்பிட்டது மாடுகளுக்குக்கூடக் கேட்கவில்லை. பழக்கமில்லாத தொண்டை. குரல் பாதியிலேயே திரும்பி உள்ளே போய்விட்டது.

இரண்டாம் தடவை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டான். "கையில் வேலை இல்லாமல் யாராவது இருந்தால்… இந்தப் பக்கம் கொஞ்சம் வர முடியுமா…"

மேட்டுப் பாதையில் மாட்டு மணிகள் நின்றன. ஆதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். ஒரு கணம் காடு முழுவதும் அமைதி. பிறகு மணிகள் மறுபடி ஒலிக்கத் தொடங்கின. விரைவாக ஒலித்தன. தூரமாகப் போயின.

அவர்கள் மாட்டை விரட்டுகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. ஏன் என்றும் புரிந்தது. கட்டுப்பாடு அவனுக்கும் தெரியுமே. இத்தனை ஆண்டுகள் கூட வந்தவர்களுக்கு அவன் குரல் தெரியாத குரல்.

தண்ணீர் தோளைத் தொட்டது. அப்போது அவனுக்குப் பயத்தைவிடக் களைப்புதான் அதிகமாக இருந்தது. எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த களைப்பு. அது எல்லாம் ஒன்றாகத் திரண்டு, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, தானாகவே வெளியே வந்தது.

"என்னால் முடியவில்லை! வாருங்கள்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. கரையில் நின்ற மாடுகள் காதை விடைத்தன.

மேட்டில் என்ன நடந்தது என்பது ஆதனுக்குப் பிறகுதான் தெரியும். நாம் இப்போதே போய்ப் பார்த்துவிடலாம்.

ஆதனின் இரண்டாவது குரல் கேட்டதும் கொற்றன், "தெரியாத குரல், விரட்டுங்கள்!" என்று கத்தினார். எல்லோரும் விரட்டினார்கள். செள்ளையும்தான் விரட்டினாள். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. வண்டியைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி, முன்னால் போனவர்களைத் தன் குரலில் கூப்பிட்டாள். தெரிந்த குரல். கட்டுப்பாட்டின்படி எல்லோரும் நின்றுதான் ஆக வேண்டும். நின்றார்கள். இறங்கி ஓடி வந்தார்கள்.

"இப்போது என்ன? மறுபடியும் குரங்கா?" என்றான் மருதன்.

"ஆதன் வண்டி எங்கே?" என்றாள் செள்ளை.

"பின்னால் வரும். என்றைக்குத்தான் அவன் வரிசையில் வந்தான்?"

"இப்போது கூப்பிட்டது அவனாக இருந்தால்?"

கொற்றன் தலையை ஆட்டினார். "அவனாக இருந்தால் நமக்குத் தெரியாதா? அவன் குரல் நமக்குத் தெரியாத குரலா?"

"அப்படியா தலைவரே? ஆதன் எப்படிக் கூப்பிடுவான்? ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள்."

கொற்றன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நீ சொல்லேன் மருதா. உன் வண்டி ஓடுவதே அவன் அச்சில்தானே?"

மருதன் தலையைச் சொறிந்தான். தெரியவில்லை. பின்னால் நின்ற மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்காகவும் வந்தவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"ஆனாலும் கள்வராக இருந்தால்?" என்றார் கொற்றன். பயந்து சொல்லவில்லை. கூட்டம் முழுவதுக்கும் பொறுப்பானவர், கேட்கத்தான் வேண்டும்.

"தலைவரே, கள்வன் எப்படிக் கூவுவான்? 'ஐயோ, சாகிறேன், காப்பாற்றுங்கள்' என்று கூவுவான். இது எப்படிக் கூவியது? 'கையில் வேலை இல்லாமல் யாராவது இருந்தால், கொஞ்சம் வர முடியுமா' என்று கூவியது. உதவி கேட்பதற்கு இவ்வளவு கூச்சப்படுகிற கள்வனை எந்தக் காட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? இந்த உலகத்தில் அப்படிக் கூப்பிடக்கூடிய பைத்தியக்காரன் ஒருவன்தான் இருக்கிறான்!"

அவள் சொல்லி முடிக்கவும் மூன்றாவது குரல் வரவும் சரியாக இருந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டமே சரிவில் ஓடியது. எல்லோருக்கும் முன்னால் மருதன் ஓடினான்.

அவர்கள் வந்தபோது தண்ணீர் ஆதனின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொற்றன் ஒரு பக்கம், மருதன் ஒரு பக்கம், மற்றவர்கள் நடுவில் என்று வண்டியைத் தூக்கினார்கள். செள்ளை அவனைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். கரையில் கொண்டுவந்து போட்டார்கள். கால் வீங்கியிருந்தது. முறியவில்லை.

செள்ளை திட்டத் தொடங்கினாள். அவன் மூச்சு சீராகும் வரை திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். அவ்வளவு இதமாக ஒரு திட்டை அவன் கேட்டதில்லை.

வண்டியில் மிஞ்சியது கொஞ்சம் உப்புதான். ஆளுக்கு ஒரு மூட்டை கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். கொற்றன் தன் மாற்று அச்சைக் கொண்டுவந்து வைத்தார். ஆதனுக்கு வாய் பழக்கதோஷத்தில், "இதெல்லாம் எதற்கு, உங்களுக்கே…" என்று தொடங்கியது.

செள்ளை ஒரு பார்வை பார்த்தாள். ஆதன் நிறுத்திக்கொண்டான். "சரி" என்றான். அது வேறு சரி.

மலையில் உப்பை நெல்லாக மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதே மூங்கில் காடு. ஆதன் வண்டியில் சக்கரத்தின் கடையாணி ஆடியது. சின்ன வேலை. ஒரு கல்லை எடுத்து நாலு தட்டு தட்டினால் போதும். ஆதன் இறங்கினான். கல்லை எடுத்தான். முழங்கால் வலித்தது. முதுகு வலித்தது. கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அதைக் கீழே போட்டான். மரத்தடியில் போய் உட்கார்ந்தான். வாயைத் திறந்து கூப்பிட்டான்.

"என்னால் முடியவில்லை! வாருங்கள்!"

முன்னால் ஒரு மணி நின்றது. அடுத்த மணி நின்றது. அதற்கடுத்த மணியும் நின்றது.

மருதன் வந்து கடையாணியைத் தட்டினான். கொற்றன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். செள்ளை இடுப்பில் கை வைத்து, "இதற்குப் போயா கூப்பிட்டாய்?" என்றாள்.

"ஆமாம்" என்றான் ஆதன். "களைப்பாக இருந்தது."

செள்ளை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவல் இருக்கிறதா?"

"இருக்கிறது. உன் குரங்குக்குக் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆதன் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினான். வேறு யாரோ தட்டுகிற கல்லின் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகும் அந்த வண்டிக்காரர்கள் ஆதனைக் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதைத் தங்கள் எல்லோரையும் பற்றியும் சொல்லிக்கொண்டார்கள். மருதன் தன் மாற்று அச்சை வீட்டில் வைத்துவிட்டு வருவதையும் விட்டான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கூப்பிட்ட குரலுக்குப் போவது நட்பில் பாதி, தன்னால் முடியாதபோது பிறரைக் கூப்பிடுவதே மறு பாதி.